அம்மாவை ஆற்றில் விட்ட சொற்கள்

தாகா,
மஜாபாஹித் தலைநகர்,
சக ஆண்டு 1449, அசுஜி மாத வளர்பிறை

தம்பி வங்சாவுக்கு,

அக்கா நலம். கோபமும் நலமாக இருக்கிறது. போன ஓலைக்குப் பதில் இல்லை.

அம்மா இறந்து பன்னிரண்டு ஆண்டாகிறது. வரும் கார்த்திகைப் பௌர்ணமியில் அவளுக்குப் பூவால் உடல் கட்டி ஆற்றில் விட வேண்டும். அதைச் சுமப்பவன் கடைசி மகன். பெயரை மாற்றிக்கொண்டாலும் நீ பிறந்த வரிசை மாறாது. விடாவிட்டால் அவள் நம் வாசலிலேயே நிற்பாள்.

தெமாக்கில் இறந்தவரை எரிக்காமல் புதைப்பீர்களாமே? உயிர் எந்த வழியாக வெளியேறும்? கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். உனக்காக ஒரு பன்றி வளர்க்கிறேன்.

அக்கா ராரஸ்

---

தெமாக்,
ஹிஜ்ரி 934, முஹர்ரம்

பாசமுள்ள அக்காவுக்கு,

பன்றி வேண்டாம் அக்கா. உருவத்தைச் சுமக்க எங்கள் மார்க்கத்தில் இடமில்லை. அதே நாளில் அம்மா பெயரில் பள்ளிவாசல் முற்றத்தில் சோறு போடுகிறேன்.

உங்கள் கேள்வியை ஆசிரியரிடம் கேட்டேன். "வந்த வழியாத்தான் போகும்" என்று சிரித்தார். எனக்கும் முழுதாக விளங்கவில்லை.

எங்கள் தெமாக் சுல்தானின் படை தாகாவுக்குக் கிளம்புகிறது. மஜாபாஹித் அரசு இனி நிற்காது. ஆற்றுத்துறையில் படகுக்காரர் சர்பா காத்திருப்பார், வந்துவிடுங்கள். படைக்கு அரிசி ஏற்றிக்கொண்டு நானும் வருகிறேன். மறைக்க மனமில்லை.

யூசுப், உங்கள் வங்சா

---

தாகா,
கார்த்திகை வளர்பிறை

வங்சாவுக்கு,

உன் ஓலையில் ஆண்டு 934 என்றிருக்கிறது. மிச்சம் ஐநூறு சொச்சத்தை எங்கே தொலைத்தீர்கள்?

தெமாக்கில் சோறு போட்டால் அம்மா எப்படி வருவாள்? சந்தைக்குப் போகவே அவளுக்குத் துணை வேண்டும்.

பூசாரி அரண்மனை ஆட்களோடு பாலித் தீவுக்குக் கிளம்புகிறார். கடைசி மந்திரத்தையாவது சொல்லித் தாருங்கள் என்றேன். "பொம்பளைக்கு எதுக்கும்மா அது?" என்றார். "செத்ததும் பொம்பளைதானே சாமி" என்றேன். மந்திர ஓலைகளைக் கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நானே எழுத்துக் கூட்டிப் படித்தவள். அந்த ஓலையை மட்டும் எவனும் என் கண்ணில் காட்டவில்லை.

படகு வேண்டாம். உன் அரிசியைத் தின்றவர்கள்தான் எங்கள் மதிலை இடிக்கப் போகிறார்கள். அதை நினைத்துக்கொண்டு மூட்டை தூக்கு.

ராரஸ்

---

தாகா,
கார்த்திகை தேய்பிறை

தம்பி வங்சாவுக்கு,

இதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். அரண்மனையில் உங்கள் கொடி பறக்கிறது. அரசர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சந்தை மட்டும் மறுநாளே கூடிவிட்டது. அதுதான் எனக்கு வியப்பு.

பௌர்ணமியன்று வாசலில் தலைப்பாகையோடு நின்றவனைத் தண்ணீர் கேட்டு வந்த சிப்பாய் என்று நினைத்துச் செம்பை நீட்டினேன். நீ குடித்துவிட்டு உள்ளே போய்ப் பூவுடலைத் தோளில் தூக்கினாய். கும்பிடவில்லை. நானும் கும்பிடச் சொல்லவில்லை.

கரையில் உன் கூட்டாளி, "ஏன்டா யூசுப், பூப்பொம்மையைக் கட்டிக்கப் போறியா?" என்றான்.

"எங்கம்மாடா. வழி விடு" என்றாய். அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு விலகினான்.

இடுப்பளவு தண்ணீரில் இருவரும் விழித்துக்கொண்டு நின்றோம். மந்திரம் தெரிந்தவர் பாலிக்குப் போய்விட்டார். நீ அரபியில் ஏதோ முணுமுணுத்தாய். தடுக்க வாய் திறந்தேன். அதற்குள் ஆறு அவளை வாங்கிக்கொண்டது.

தெமாக்குக்கு வரமாட்டேன். மாறவும் மாட்டேன். அரிசி மூட்டையை மன்னிக்கவும் இல்லை. ஆனால் அம்மாவை வழியனுப்பியவை அந்தச் சொற்கள்தான். நம் எழுத்தில் எழுதி, பொருளோடு அனுப்பு. ஒன்றையும் விடாதே. நான் ஓதுவதற்கு அல்ல. அவளிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அக்கா ராரஸ்