அவள் யாரைக் கூப்பிடுகிறாள்

புதுக்கோட்டை
9.9.2024

அன்புள்ள ஷர்லி,

நலமா? நான் எழுதினால்தான் நீ எழுதுவாய் என்று தெரியும். அதனால் சண்டைக்கு வரவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் இதைச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் குரல் உடைந்துவிடும்.

சட்டக் கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்த உன்னிடமே சமரசப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தேன் அல்லவா? இங்கே நீதிமன்றச் சமரச மையத்தில் எனக்குக் கொடுத்த முதல் விவாகரத்து வழக்கு இது. பெயர் எழுத மாட்டேன். அன்னவாசல் பக்கத்துக் குடும்பம். கணவர் துபாயிலிருந்து திரும்பி வந்து லாரி ஓட்டுகிறார். அவளுக்கு அங்கன்வாடியில் வேலை. ஒரே மகள், போன மழைக்காலத்தில் தண்ணீர் நின்ற கல்குவாரிக் குழியில் விழுந்து இறந்துபோனாள். அதிலிருந்து ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு, பேச்சு கிடையாது. பிரிவதற்கு இருவரும் சம்மதம். வீட்டை மட்டும் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஓடு ஒழுகும் சின்ன வீடு.

“என்ன வேண்டும் என்று கேட்காதே, எதற்காக வேண்டும் என்று கேள்” என்பாயே. தனித்தனியே உட்கார வைத்துக் கேட்டேன்.

அவள் சொன்னாள்: “பொழுது சாயிற நேரத்துல வாசல்ல அவ குரல் கேக்குது மேடம். ‘அப்பா, அப்பா’ன்னு கூப்புடுறா. என்னையக் கூப்புடல. ஒரு தடவ ‘அம்மா’ன்னு கூப்புட்டாப் போதும். அதுவரைக்கும் நான் எங்கிட்டுப் போவேன்? அவருட்ட சொல்லிராதீங்க. அவரத்தான் தேடுறான்னு தெரிஞ்சா என்னைய வெளிய அனுப்பிருவாரு.”

அடுத்து அவர் வந்தார். தலையைக் குனிந்துகொண்டே பேசினார்: “லாரிய நிறுத்திட்டு உள்ள வர்றப்பப் புள்ள குரல் கேக்குதுங்க. ‘அம்மா’ங்குது. என்னையக் கூப்புடவே மாட்டேங்குது. பெத்தவன்தானே நானும்? இத அவகிட்ட சொல்ல வேணாம்ங்க.”

குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டேன்.

தனியாகச் சொன்னதை அனுமதி இல்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, ஷர்லி! நான் என்ன செய்யட்டும்? இப்போதெல்லாம் தெருவில் எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் திடுக்கிடுகிறேன்.

உன்
கார்முகில்


சென்னை
16.9.2024

அன்பு முகிலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லாதே. ‘சொல்லிவிடு’ என்றுதான் எனக்கும் எழுதக் கை வருகிறது. ஆனாலும் சொல்லாதே. அது அவர்கள் உன்னை நம்பிக் கொடுத்தது. அந்தக் குரல் நிஜமா என்றும் ஆராயாதே. ஒவ்வொருவரிடமும், “நான் சொல்லட்டுமா? வேண்டாமென்றால், நீங்களே சொல்ல என் துணை வேண்டுமா?” என்று கேள். பிறகு ஒன்றாக உட்கார வை. வீட்டுப் பேச்சை விட்டுவிடு, மகளைப் பற்றிக் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். உனக்கு அதுதான் கஷ்டம். வகுப்பில் மௌனம் பழகும்போது முதலில் தொண்டையைச் செருமியது நீதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபிக்கிறேன்.

பிரியமுடன்
ஷர்லி


புதுக்கோட்டை
7.10.2024

அன்புள்ள ஷர்லி,

நான் சொல்வதற்கு இருவருமே சம்மதிக்கவில்லை. அவள் மட்டும், “நானே சொல்லிப் பாக்குறேன். நீங்க பக்கத்துல இருங்க” என்றாள்.

ஒன்றாக உட்கார வைத்து, “சாயங்காலம் ஆனா பாப்பா என்ன பண்ணும்?” என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. செருமக்கூட இல்லை.

கடைசியில் அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “ஒங்களத்தான் கூப்புடுறா. ‘அப்பா’ன்னு. தெனமும். நாந்தான் சொல்லாம மறைச்சுட்டேன்.”

அவர் அவளையே பார்த்தார். “இல்லடி. ஒன்னையத்தான். எனக்கு ‘அம்மா’ன்னுதான் கேக்குது.”

சாவு வீட்டில் அழாத அழுகையை எல்லாம் அந்த அறையில் அழுதார்கள். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். மனுவைத் திரும்பப் பெற்றாயிற்று. மையத்தில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

இதோடு முடித்திருந்தால் உனக்கும் நிம்மதி.

நேற்று அவள் கூப்பிட்டாள் என்று அந்த வீட்டுக்குப் போனேன். ஒரே அடுப்பு எரிந்தது. அவரும் வீட்டில் இருந்தார். டீ கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “மேடம், அன்னையிலேர்ந்து அவ குரலே வரல. ரெண்டு பேருக்கும்தான். நாங்க பேசிக்கிட்டது அவளுக்குப் புடிக்கலியா?”

அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதானே. அதையும் நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேனா? இந்தக் கதையை வகுப்பில் சொல்லாதே, ஷர்லி. ஜெயித்த வழக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

டீயைக் குடித்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்தது. எங்கிருந்தோ ஒரு பிள்ளை “அம்மா” என்று கூப்பிட்டது. இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான். அது தெரிந்த பிறகும் அவர்கள் உட்காரவில்லை. அவர் போய் ஒருக்களித்திருந்த வாசல் கதவை முழுசாகத் திறந்து வைத்தார். அவள் விளக்கைப் போட்டாள்.

உன்
கார்முகில்