பிறை, முட்டை, குச்சி

மார்ச் 4
கொட்டகையில் இன்று நாலாயிரம் குஞ்சுகள் இறங்கின. முதலாளி கொடுத்த மருந்துப் பொடியைத் தண்ணீர்த் தொட்டியில் கலக்கினேன். நோய் வந்ததற்கா? இல்லை, வராமல் இருக்க. எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்ல மகன்தான் எழுதுகிறான். பொட்டலங்களை நிறத்தால் அறிவேன். மஞ்சள், ரோஸ். இது புதிது, வெள்ளை. அதன்மேல் இருந்த இங்கிலீஷ் பெயரில் முதல் மூன்று எழுத்தின் உருவத்தை மனதில் பிடித்துக்கொண்டேன் — பிறை, முட்டை, குச்சி.

ஏப்ரல் 11
கோழிகள் லாரி ஏறின. மகன் வேலை செய்யும் இறைச்சிக் கூடத்துக்கு. "நீங்க வளக்குறீங்க, நான் வெட்டுறேன். குடும்பத் தொழில்பா" என்று சிரிக்கிறான்.

ஏப்ரல் 14
மகனுக்கு வலது கையில் கத்தி பட்டுவிட்டது. "கீறல்தான்பா" என்று துணி சுற்றிய கையாலேயே எழுதுகிறான்.

ஏப்ரல் 19
இனி மருமகள் எழுதுவாள். கை முழங்கை வரை வீங்கிவிட்டது. உடம்பு அனல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஏப்ரல் 22
டாக்டரம்மா சொன்னார்: "எந்த மருந்துக்கும் கிருமி அசையல, ஐயா. பண்ணையில மருந்து குடிச்சுக் குடிச்சே பழகின கிருமியா இருக்கலாம்."
மருமகள் என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முப்பது வருஷம் — எந்தக் கொட்டகை, எந்த நிறம், எத்தனை நாள், எல்லாம் ஞாபகம் இருக்கு. ஏன் இருக்கு?

ஏப்ரல் 23
கடைசியாக ஒரு மருந்து உண்டாம். நர்ஸ் குப்பியை எடுத்தாள். பிறை. முட்டை. குச்சி.
"இதையும் நான் கோழித் தண்ணியில கலக்கிட்டேம்மா..."
டாக்டரம்மா குப்பியை வாங்கிப் பார்த்தார். "போட்டுப் பாப்போம்" என்றார்.

ஏப்ரல் 24
காய்ச்சல் இறங்கவில்லை.

ஏப்ரல் 27
இறங்கிவிட்டது. இரண்டு விரல் போயிற்று. உயிர் தங்கிற்று. "இந்தத் தடவ கேட்டுச்சு" என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை.

மே 9
இனிக் கலக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.
"ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டராயிட்டீங்களா, பெரியவரே? குஞ்சு செத்தா நீங்க அடைகாத்துத் தருவீங்களா?"
கொட்டகைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மே 30
பண்ணை வழியாகத்தான் நடந்து வந்தேன். புது ஆள் தொட்டியில் துழாவிக்கொண்டிருந்தான். காலடியில் வெள்ளைப் பொட்டலம். கைகாட்டினான். நானும் காட்டினேன்.
மகன் மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறான், இடது கையால். "எழுத்து கோணலா வருதுப்பா" என்கிறான்.
எழுதுடா. எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான், அந்த மூன்றைத் தவிர.