இரும்பறையின் இன்னொரு சாவி

கிளாரா அப்பாவுக்கு,

பேங்க் காலிசெய்து, டியூஷன் சென்டரும் ஓடாமல் மூடிய கட்டடத்தில்தான் மெஸ் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றது நீங்கள். சுவர் இரண்டடி கனம். ஓர் ஆணி இறங்கவில்லை. கேஷியர் கூண்டுக்குள் நின்று சாம்பார் ஊற்றுகிறேன்.

அரிசி மூட்டைகளை இரும்பறையில் அடுக்கி, பேங்க் வழக்கப்படி ஆளுக்கொரு சாவி, இரண்டும் போட்டால்தான் திறக்கும் என்று பெருமை வேறு. கோபித்துக்கொண்டு கடம்பத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போகிறவர் சாவியையுமா எடுத்துப்போவார்?

தினமும் கடையில் அரிசி வாங்குகிறேன். வெல்டர் தானியேல் வந்து பார்த்தான். "அர மணில கதவ அறுத்துடலாம்க்கா, இன்னா சொல்ற?" என்றான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

சாவியைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இன்னும் கோபம் தீராத,
மற்ற சாவிக்காரி