ஏலக் குரலில் எழுத்துப் பாடம்

இன்று காலையில் படிப்பகத்தைத் திறந்து, மூலையில் இருக்கும் லேப்டாப்பைப் போட்டேன். சூடேறியதும் தூசி கருகுகிற அந்த வாசனை வந்தது. நீ பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு வரி எழுத வெகுநேரம் ஆகிறது, விரல் வலிக்கிறது. ஆனாலும் வரி முடிந்ததும் வாசித்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன். நான் எழுதியதை நானே வாசிக்கிறேன் மக்கா.

துபாயில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துவிட்டு நீ முட்டத்துக்குத் திரும்பியபோதே உனக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் சும்மா இருந்தாயா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து, பிறகு அலமாரியில் கிடந்த லேப்டாப்புகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கினாய். மீன் விற்கும் பெண்களுக்கும், கடற்கரையில் மீன் ஏலம் போட்டே கிழவனான எனக்கும் எழுத்துச் சொல்லித்தர வேண்டும் என்றாய். உப்புக் காற்றில் பச்சை பிடித்த சார்ஜர் முனைகளைத் துடைத்தே ஒரு மழைக்காலம் போயிற்று.

அதற்குப் பிறகுதான் பெரும்பாடு. பாடம் சொல்லும் மென்பொருளைப் பெரிய மெஷின்களுக்காகச் செய்திருந்தார்கள். 'அ' வருவதற்கு முன்னால் ஒரு மயில் ஆட வேண்டும், மேகம் நகர வேண்டும். மயில் ஒரு காலைத் தூக்கியதும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். பிலோமினா மீன் பாத்திரத்தோடு எழுந்தாள்.

"மயிலு கால கீழ வைக்கதுக்குள்ள எனக்க மீனு நாறிரும். நான் போறேன்."

அவள் போனால் மற்றப் பெண்களும் போவார்கள், வகுப்பு அன்றோடு முடிந்துவிடும். "திங்கக்கெழம ஒருக்க மட்டும் வா. மயிலு இருக்காது" என்றாய்.

மயிலை எடுத்தாய். மேகத்தை எடுத்தாய். லேசான வேறு சிஸ்டத்தை ஏற்றினாய். எழுத்து வந்தது, குரல் மட்டும் இழுத்து இழுத்து நின்றது. இந்தப் பழைய மெஷின் தாங்குகிற அளவுக்குக் குரலைச் சின்னதாகப் புதிதாய்ப் பதிய வேண்டும் என்றாய். உனக்கோ தொண்டை கம்மியிருந்தது. மைக்கை என் பக்கம் தள்ளினாய்.

"எழுத்தே தெரியாத நானா?"

"நான் சொல்லுகத திருப்பிச் சொல்லு. உனக்க சத்தம் நடுக்கடலுக்கும் கேக்கும்."

வாயைத் திறந்தால் ஏலம்தான் வந்தது. 'ஆ'வை நீட்டி, கடைசியில் ஏற்றி நிறுத்தினேன். "ஏலே, விக்காண்டாம், சொன்னா போதும்" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகிவிட்டது. திரும்பத் திரும்பச் சொல்லியும் எனக்கு மாறவில்லை. கடைசியில் களைத்துப்போய், "சாரமில்ல, இப்பிடியே கெடக்கட்டு" என்று விட்டுவிட்டாய்.

திங்கட்கிழமை பிலோமினா பொத்தானை அமுக்கினாள். "அண்ணன் ஆவன்னாவ ஏலம் விளிக்காரு. கிலோ என்ன வெல?" என்றாள். அறையே சிரித்தது. சிரித்த யாரும் எழுந்து போகவில்லை. நானும் என் குரலிடமே எழுத்துப் படித்தேன்.

உயிர்மெய்யில் 'வ' வரிசை வரை பதிந்திருந்தபோது நீ படுத்துவிட்டாய். மீதி வரிசைகளைக் கட்டிலில் இருந்தபடி சிலேட்டில் எழுதிக் காட்டினாய். "பெட்டியில ஏத்த எனக்கு இனி ஏலாது. நீ படிச்சிரு மக்கா" என்றாய். படித்துவிட்டேன். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. இரண்டு லேப்டாப் ஆன் ஆவதே இல்லை. இன்னொன்றில் பேட்டரி உப்பிக் கிடக்கிறது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனால், புதிது வாங்கும்படி சொல்கிறார்கள். பூட்டிவிட்டுப் போகும்போதெல்லாம் நாளைக்குத் திறக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

இன்று பிலோமினா 'ழ' வரிசைக்கு வந்தாள். அமுக்கினாள், சத்தம் இல்லை. மறுபடியும் அமுக்கினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெட்டி வாய மூடிட்டு. நீரு சொல்லும் அண்ணே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் விரல் வைத்து வாசித்தேன். ழ, ழா, ழி. அவள் திருப்பிச் சொன்னாள். வரிசை முடிய மதியமாகிவிட்டது. நாளைக்கு 'ள' வரிசை.