அவனே கொண்டுபோன பாட்டில்

குமாசி, மார்ச் 3

அன்பு மகள் சேர்வாவுக்கு,

முதலில் மன்னிப்பு. நேற்று அக்ராவில் நீ வாதாடும் கோர்ட்டில் அலறிய செல்போன் என்னுடையதுதான். கொலை வழக்கில் கூண்டில் நிற்கிறான் பாடகன் டோன்கோர். அவன் பாட்டையே போனில் வைத்துக்கொண்டு உள்ளே போன மடையன் கானாவிலேயே நான் ஒருவன்தான். அதுவும் குத்தாட்டப் பாட்டு! ஜூரி ஏழு பேரில் ஒருவர் தலையாட்டியதைப் பார்த்தேன். டோன்கோரே சிரித்துவிட்டான். நீதிபதி சிரிக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம், பஸ் டிரைவர் ஓவுசு கையில்.

என்னை வெளியே தள்ளுமுன் ஒன்று காதில் விழுந்தது. டோன்கோர் படியிலிருந்து தள்ளிக் கொன்றதாகச் சொல்லும் அந்த மேளக்காரனின் மாமா சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் கேட்டார்: "தள்ளிவிடாதவன் எதுக்கு மூணாம் நாளே ஜின் பாட்டிலோட இழவு வீட்டுக்கு வரணும்? மன்னிப்புக் கேக்கத்தானே?" கிழவர், "எதுக்கோ, அவனேதான் வந்தான். வலப்பக்கத்துலேர்ந்து வரிசையா எல்லாருக்கும் கைகுடுத்தான், உக்காந்தான்" என்றார். டோன்கோருக்காக வாதாடும் உங்கள் மேசையில் ஒருவரும் நிமிரவில்லை.

அம்மாடி, நான் ஏழாவதோடு நின்றவன். ஆனால் இருபது வருடமாக இழவு வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறேன். நம் ஊரில் மன்னிப்புக் கேட்கவும் ஜின் பாட்டில்தான், துக்கம் கேட்கவும் ஜின் பாட்டில்தான்; ஆனால் தப்பு செய்தவன் தானாக வரமாட்டான். பெரியவர் ஒருவரின் காலைப் பிடித்து, அவரை முன்னால் விட்டுக் கெஞ்ச வைப்பான். தானே வந்து கைகொடுப்பவன் துக்கம் கேட்க வந்தவன்.

இதற்கு மேல் எனக்குச் சட்டம் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

அக்ரா, மார்ச் 6

அன்புள்ள அப்பா,

அந்தப் போனுக்காக உங்களோடு ஒரு வாரம் பேசக்கூடாது என்றிருந்தேன். கடிதம் கெடுத்துவிட்டது.

சாட்சிகள் முடிந்தாயிற்று. இனிப் புதிதாக யாரையும் கூப்பிட முடியாது. பதிவில் இருப்பதை வைத்துத்தான் ஜூரியிடம் கடைசியாகப் பேச வேண்டும். சீனியர் லாம்ப்டே ஐயாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேசப்போவது நான். "பாட்டில் பக்கமே போகாதே. நாம தொட்டா அதுதான் அவங்க மனசுல நிக்கும். படி வழுக்கலா இருந்துச்சுன்னு சொல்லிட்டு உக்காரு" என்கிறார். எனக்கோ, நாம் பேசாமல் விட்டால்தான் அது நிற்கும் என்று படுகிறது. மாமா சொன்னதைப் பதிவில் தேடிப் படித்தேன். நீங்கள் கேட்டது அப்படியே இருக்கிறது, அவர்கள் தரப்புச் சாட்சியின் வாயிலேயே.

கெஞ்சிப் பேச ஆள் கிடைக்காமல் அவனே வந்திருந்தால்? அரசு வக்கீல் அப்படித்தான் மடக்குவார். தோற்றால் டோன்கோருக்கு ஆயுள் முழுக்கச் சிறை. பயமாக இருக்கிறது அப்பா. நீங்கள் வர வேண்டாம். வந்தால், போன் திரும்பக் கிடைத்திருந்தாலும் அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

சேர்வா

குமாசி, மார்ச் 15

அம்மாடி,

வர வேண்டாம் என்றாய், வந்தேன். கடைசி வரிசை.

படி வழுக்கலைப் பேசி முடித்ததும் உன் சீனியர் உன் கவுனைப் பிடித்து இழுத்தார். நீ உட்காரவில்லை. "உங்க வீட்டு இழவை நெனச்சுப் பாருங்க. ஆள் கிடைக்காதவன் வாசல்லயே முட்டி போட்டு நிப்பான். எதிர்ல இருக்கறவங்களுக்கு வரிசையா கைகுடுப்பானா?" என்றாய். ஜூரியில் அந்தப் பருமனான அம்மாள் "ம்ஹூம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். நாலு மணிக்கெல்லாம் 'குற்றவாளி அல்ல'. வெளியே ரசிகர்கள் ஆடிய ஆட்டத்தில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. போகட்டும்.

ஆனால் நான் ஆடவில்லை. என் பக்கத்தில் துக்கத்துக்குரிய சிவப்புத் துணி உடுத்து உட்கார்ந்திருந்தவள் அந்த மேளக்காரனின் தாய். தீர்ப்பு வந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன்.

"அவன் கைகுடுத்தப்ப என் கையை விடவே இல்லய்யா. அழுதுட்டு இருந்தான். இவன் தள்ளலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். யாரும் என்னைக் கேக்கல" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணுதான் என்னைக் கேட்ட மாதிரி பேசுச்சு. எந்தத் தாய் தகப்பன் பெத்ததோ!"

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதை எப்படிச் சொல்வது? தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலையைக் கடித்துத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான்.

அங்கே சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்: என் பொண்ணும்மா அது, என் பொண்ணு.

அப்பா