பட்டன் உள்பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில ரெண்டு பாவாடைக்கு எலாஸ்டிக் மாத்தினேன். முட்டி கிழிஞ்ச பள்ளிக்கூட பேண்ட் ஒண்ணு. அந்தப் பையன் முட்டியிலதான் நடப்பான் போல.

மத்தியானம் கூரியர் வந்துது. சின்னக்குட்டி அனுப்பியிருக்கா. தம்பி பொண்ணு, கப்பல்ல நாலாவது என்ஜினியர். பிரிச்சா ரெண்டு எலாஸ்டிக் பட்டை, சாம்பல் கலர். ஒவ்வொண்ணுலயும் வெள்ளையா, குண்டா ஒரு பிளாஸ்டிக் பட்டன். கூடவே ஒரு துண்டுச்சீட்டு. “அத்தை, இத ரெண்டு மணிக்கட்டுலயும் போட்டுக்கிட்டு வா. குமட்டல் வராது. இந்தத் தடவ வேலை செய்றவங்க வீட்டாள் ஒருத்தரக் கூட்டிட்டு வரலாமாம். எனக்கு நீதான்.”

எனக்கு நீதான்னு படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. அடுத்த நிமிஷம் வயிறும் கலங்கிருச்சு. டவுன் பஸ் ஏறினா மூணாவது ஸ்டாப்புலயே ஜன்னல் தேடறவ நான். எனக்கு எதுக்குக் கப்பலு?

எங்க வீட்டுக்காரர் பட்டைய இழுத்து இழுத்துப் பாத்தார். “இது ஜட்டி எலாஸ்டிக்தானே. இதுக்கா கூரியர்?” அப்புறம், “போயிட்டு வா. கடல்ல உப்பு ஜாஸ்தியா இருக்காம். உன்னால கொஞ்சம் கொறையட்டும்.”

பேச்சப் பாரு. இந்த மனுஷனுக்காகவும் தினம் வெளக்கேத்தறேன்.

மார்ச் 4, புதன்

தம்பி வந்தான். செருப்பு வாசல்ல விழுந்த சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு, எதையோ தூக்கிட்டு வந்திருக்கான்னு.

“அக்கா, நீ கப்பலுக்குப் போ. வரும்போது அவளையும் கையோட கூட்டிட்டு வந்துடு.”

நல்ல எடமாம். மாப்பிள்ளைக்கு சொந்தக் கடையாம். பையன் தங்கமாம். ஒரே ஒரு கண்டிஷன், கப்பல் வேலைய விட்டுடணுமாம்.

“போன எடுத்து நீயே சொல்லேண்டா.”

“நான் அவகிட்ட பேசறதில்லன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியாம என்ன. அவ கப்பலேறின நாள்லேர்ந்து அப்பனும் பொண்ணும் பேச்சில்ல. அவ சாப்பிட்டாளான்னு இவன் என்னக் கேப்பான், அப்பாக்கு முட்டி வலி எப்படியிருக்குன்னு அவ என்னக் கேப்பா. நடுவுல நான் சம்பளமில்லாத தபால்காரி.

“நீ சொன்னா கேப்பா. சாமி முன்னாடி சொல்லு, கேக்கறேன்னு.”

வெளக்கு எரிஞ்சிக்கிட்டிருக்கு. அவன் மூஞ்சி வேற வாடிக் கெடக்கு. கேக்கறேன்டான்னு சொல்லிட்டேன்.

எனக்கும் ஆசை இல்லாமலா? அவ இங்கயே இருந்தா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து என் மடியில தலைய வெச்சுப் படுப்பா. ஒரு பொண்ணு கடலுக்கு நடுவுல எண்ணெயும் கையுமா என்னத்துக்கு நிக்கணும்? தம்பி சொல்றதுலயும் ஞாயம் இருக்கு.

மார்ச் 7, சனி

பட்டை ரெண்டும் போட்டுக்கிட்டு பஸ்ஸுல சந்தைக்குப் போயிட்டு வந்தேன், பரீட்சைக்கு. வாந்தி இல்ல. சாமிக்கும் சின்னக்குட்டிக்கும் கோடி நமஸ்காரம்.

மார்ச் 12, வியாழன்

ஏறிட்டேன்.

கப்பல்னா கப்பலா அது? ஆஸ்பத்திரியையும் கல்யாண மண்டபத்தையும் ஒட்டுப்போட்டு தண்ணியில விட்ட மாதிரி இருக்கு. நடைபாதை பூரா ஒரே மாதிரி கதவு. நான் ரெண்டு தடவ அடுத்த ரூமுக்குள்ள போயி, யாரோ ஒருத்தர் பல்லு தேய்க்கறதப் பாத்துட்டு வந்தேன்.

என் ரூம்ல இன்னொரு அம்மா. கப்பல் சமையல்காரரோட அம்மா. சமையல்காரம்மான்னுதான் கூப்பிடறேன், அவங்களும் சிரிச்சுக்கறாங்க. பேச்சு கம்மி. அதனால என்ன, ரெண்டு பேருக்கும் சேத்து நான் பேசறேன்.

சின்னக்குட்டி ஓடி வந்தா. ஆம்பளைங்க போடற மாதிரி கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒரே உடுப்பு, கையும் முழு நீளம். கட்டிப் புடிச்சா டீசல் வாடை. “அத்தை, டூட்டி இருக்கு, நாளைக்கு வரேன்”னு கன்னத்தக் கிள்ளிட்டு ஓடிட்டா. இளைச்சிருக்கா. ஆனா நடையில ஒரு மிடுக்கு. அந்த உடுப்புல இடுப்புக்கிட்ட ஒரு தையல் பிரிஞ்சிருக்கு. ஊசி கொண்டாந்திருக்கேன், பாத்துக்கலாம்.

கப்பல் கெளம்பிருச்சு. வயிறு கல்லாட்டம் இருக்கு. பட்டைன்னா பட்டைதான்.

மார்ச் 13, வெள்ளி

இன்னிக்கு நடந்தத எழுதவே கை கூசுது. எழுதாம இருக்கவும் முடியல.

காலையில கடல் ஆட ஆரம்பிச்சுது. சாப்பாட்டுக்கூடத்துல டம்ளரெல்லாம் தானா நகருது. பாதிப் பேரு மூஞ்சி வெளுத்து உக்காந்திருக்காங்க. நான் மட்டும் ரெண்டாவது பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தேன். ஒரு அம்மா கேட்டாங்க, உங்களுக்கு மட்டும் எப்படிங்கன்னு. கேட்டா விடுவேனா? கைய ரெண்டையும் தூக்கிக் காட்டி ஒரு பிரசங்கமே பண்ணிட்டேன். பக்கத்து மேசை மீசைக்காரரும் இதே பட்டை போட்டிருந்தார், ஆனா பட்டன் உள்பக்கமா இருந்துது. “என்னங்க, தலைகீழா போட்டிருக்கீங்க”ன்னு நானே எந்திரிச்சுப் போயி ரெண்டையும் திருப்பி விட்டேன். பாவம், மரியாதைக்காரர், தேங்க்ஸ் சொன்னார்.

அப்பத்தான் சின்னக்குட்டி வந்தா. என் கையப் பாத்தா.

“அத்தை, ஏன் பட்டன வெளிய வெச்சிருக்க?”

“பட்டன் வெளியதானேடி இருக்கும். உள்ள வெச்சா யாரு பாப்பாங்க?”

எனக்குத் தெரிஞ்சு ஒரு சட்டைக்கும் நான் பட்டன உள்ள வெச்சுத் தெச்சதில்ல. தெச்சா துணிக்காரங்க காசு குடுப்பாங்களா?

“இது அழகுக்கு இல்ல அத்தை. அழுத்தறதுக்கு.” என் கைய மல்லாத்தினா. மணிக்கட்டு ரேகையிலேர்ந்து மூணு வெரல் வெச்சு அளந்தா. “இங்க ரெண்டு நரம்பு ஓடுது பாரு. அதுக்கு நடுவுல பட்டன் உக்காரணும். நீ இவ்வளவு நேரம் போட்டிருந்தது சும்மா வளையல்.”

சும்மா வளையல்னு சொன்னா பாரு, அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருந்த வயிறு. சொன்னதும் கப்பல் மொத்தமும் என் வயித்துக்குள்ள ஏறி உக்காந்துருச்சு. ரெண்டு பன்னும் வந்த வழியே போச்சு. கழுவுற எடத்துல நிமிந்து பாத்தா பக்கத்துல மீசைக்காரர். அவரும் அதே வேலையா வந்திருந்தார். என் பட்டையப் பாத்தார், அவ்வளவுதான்.

சமையல்காரம்மா எலுமிச்சம்பழம் வெட்டிக் குடுத்தாங்க. குடுக்கும்போது உதட்டக் கடிச்சுக்கிட்டிருந்தாங்க. சிரிப்பாத்தான் இருக்கும், பரவாயில்ல.

இத வீட்டுல மூச்சு விட மாட்டேன். அவருக்குத் தெரிஞ்சா என் கருமாதி வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். தம்பிக்குத் தெரிஞ்சா கேக்கவே வேணாம்.

சாமி, வெறும் நம்பிக்கையிலயே ஒரு நாள் பூரா வாந்தியில்லாம என்ன ஓட்டிட்டியே. அப்ப அந்த வளையல்ங்கற சொல்லு அவ வாயிலேர்ந்து வராமத் தடுத்திருக்கக் கூடாதா?

தம்பி சொன்னத இன்னும் அவகிட்ட நான் கேக்கல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது.

மார்ச் 14, சனி

பட்டன் உள்பக்கம். கடலும் அடங்கிருச்சு. பட்டையா, கடலா, சாமியா, யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியல. மூணு பேருக்கும் சொல்லிட்டேன்.

மத்தியானம் பெரிய என்ஜினியர்கிட்ட அனுமதி வாங்கி சின்னக்குட்டி என்ன கீழ கூட்டிட்டுப் போனா. காதுக்கு ரெண்டு கிண்ணம் மாதிரி மாட்டி விட்டா. இரும்பு ஏணி, எறங்க எறங்க வெக்கை. எண்ணெய் வாடை மூக்குல ஏறுது. நாமெல்லாம் மேல உக்காந்து பன்னு திங்கறோம், கீழ ஒரு ஊரே உறுமிக்கிட்டிருக்கு. எண்ணெய சுத்தம் பண்ற மெஷின் அவ பொறுப்பாம். பக்கத்துல போனதும் உள்ளங்கைய அது மேல வெச்சு, கண்ண மூடி ஒரு நிமிஷம் நின்னா. சின்னதுல என் தையல் மெஷின் மேலயும் இப்படித்தான் கை வெப்பா. அப்புறம் கழட்டிப் போட்டுடுவா. அந்தச் சக்கரம் இன்னிக்கு வரைக்கும் கிறீச்சுங்குது.

அப்புறம் கண்ணாடி ரூமுக்குள்ள போனோம். அங்க சத்தம் கம்மி. அவ கையுறையக் கழட்டி, கை மடிச்சு விட்டு, தண்ணி குடிச்சா. அப்பப் பாத்தேன்.

மணிக்கட்டு உள்பக்கம் வட்டமா ஒரு பள்ளம். ரெண்டு கையிலயும். மூணு வெரல் தள்ளி, சரியா அதே எடம். சுத்தி பட்டை அகலத்துக்கு வெளுத்த தோலு. எலாஸ்டிக் தழும்பு எனக்குத் தெரியாதா? ஒரு நாள் ரெண்டு நாள் போட்டா அப்படி விழாது.

“சின்னக்குட்டி. உனக்குமாடி?”

மறைக்கப் பாத்தா. முடியல.

“நம்ம வயிறு அத்தை. எங்க போகும்? மொத ட்ரிப்பு பூரா ஒரு கையில ஸ்பானர், ஒரு கையில வாளி. இப்பவும் கெளம்பற நாளும் ஆடற நாளும் வாந்திதான்.”

“இன்னிக்கு எங்க பட்டை?”

“பழசு நேத்துக் காலையிலதான் நைஞ்சு அறுந்துபோச்சு. புதுசு வாங்கினதத்தான் உனக்கு அனுப்பிட்டேன்.”

நேத்து அப்படி ஆடினப்ப இவ எப்படி நின்னா கீழ? அத வேற நான் வளையலா மாட்டிக்கிட்டு பிரசங்கம் பண்ணியிருக்கேன்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா வந்துடுன்னு சொல்லுவ.”

சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன்.

ஆனா வெளக்கு முன்னாடி வாய் குடுத்துட்டேனே. கேட்டேன். மாப்பிள்ளை, கடை, கண்டிஷன் எல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். “உங்கப்பன் கேக்கச் சொன்னான்டி. வந்துடறியா?”

அவ கோவப்படல. டம்ளரக் கழுவி வெச்சா.

“வரணும்னா அந்த வாளியத் தூக்கிட்டு நின்னப்பவே வந்திருப்பேன் அத்தை.”

அப்புறம், “அப்பாக்கு முட்டி வலி எப்படியிருக்கு?”ன்னா.

நான் பட்டை ரெண்டையும் கழட்டி அவ கையில மாட்டி விட்டேன். வேணாம் வேணாம்னா. எனக்கென்ன, படுத்துக்கிட்டே போயிடுவேன், நீ நிக்கணும்டின்னு சொன்னேன். அந்த இடுப்புத் தையலையும் அங்கயே போட்டுக் குடுத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

வீடு வந்து சேந்தேன். தரை ஆடுது. கப்பல் எப்படின்னு அவர் கேட்டார். பெருசுன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

தம்பி.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“மாட்டேன்னுட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“சரின்னுட்டேன்.”

குதிச்சான். உன்ன அனுப்பினேன் பாரு, என்னச் சொல்லணும்னான். ஊரு சுத்திக் காட்டினதும் நீயும் அவ பக்கம் சாஞ்சுட்டன்னான். எனக்கு வந்துதே ஆத்திரம். டேய், ஊரு சுத்தல, குடலத்தான் சுத்தினேன், உம் பொண்ணு அங்க வாந்தி எடுத்துக்கிட்டே வேலை பாக்கறாடா, ஒரு கையில வாளியத் தூக்கிக்கிட்டு, யாருகிட்டயும் சொல்லாம. அப்படி நிக்கறவள நீயும் நானும் கையப் புடிச்சு இழுத்தா வருவாளாடா.

அவன் உக்காந்துட்டான். சின்னதுல ராட்டினத்துல ஏத்தி விட்டதுக்கு, கீழ எறங்கறதுக்குள்ள மூணு பேரு சட்டைய வாந்தியால நனைச்சவன் அவன். அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் சைக்கிள விட்டா வேற எதுலயும் ஏறினதில்ல. வயிறுன்னா என்னன்னு அவனுக்குத் தெரியும்.

“வாளியா?”ன்னான்.

“வாளிதான்.”

டீ ஆறிப்போச்சு. குடிக்காமயே போனான். செருப்புச் சத்தமே கேக்கல.

மார்ச் 21, சனி

நல்ல அகல எலாஸ்டிக் வாங்கினேன். கோட்டு பட்டன்ல குண்டா இருக்கறதாப் பொறுக்கினேன். மொதப் பட்டைய அவர் கையில மாட்டிப் பாத்தேன். வெரலெல்லாம் கத்திரிக்கா கலர் ஆயிருச்சு. “வாந்தி வராது, உசுரு போயிடும்”னார். ரெண்டாவது சரியா உக்காந்துது. சின்னக்குட்டிக்கு நாலு ஜோடி அனுப்பிட்டேன். மீசைக்காரர் விலாசம் தெரிஞ்சா அவருக்கும் ஒண்ணு அனுப்பலாம்.

மார்ச் 28, சனி

மாப்பிள்ளை வீட்டுல வேற எடம் பாத்துட்டாங்களாம். நல்லா இருக்கட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பி வந்தான். டீ முழுசாக் குடிச்சான். முட்டி வலி தேவலையாம். நான் கேக்காமயே சொன்னான். மெஷின் பக்கத்துல நின்னு எலாஸ்டிக் துண்ட எடுத்து இழுத்தான், வெச்சான், மறுபடி எடுத்தான்.

“அடுத்த மாசம் அந்தக் கப்பல் இந்தப் பக்கமா வருதாமே.”

“ஓ, அப்படியா”ன்னேன்.

“எனக்கும் ஒரு ஜோடி தெச்சு வெய்க்கா. சும்மாத்தான். எப்பவாவது பஸ்ஸுல கிஸ்ஸுல போனா ஆகும்.”

நீ எந்தக் காலத்துலடா பஸ்ஸுல போனன்னு வாய் வரைக்கும் வந்துது. முழுங்கிட்டு டேப்ப எடுத்தேன். கைய நீட்டினான். சுத்தி அளவு பாத்துக்கிட்டிருக்கும்போது சொல்றான்,

“பட்டன் உள்பக்கம் வரணும்க்கா. நீ பாட்டுக்கு வெளிய வெச்சுடாத.”

உதட்டக் கடிச்சுக்கிட்டிருந்தான்.

அந்தக் கூத்த இந்த ஊர்ல நான் ஒரு உசுருகிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. அவனுக்கு அது தெரியணும்னா ஒருத்திதான் சொல்லியிருக்கணும்.

இன்னும் ஒரு தடவ மெதுவா அளந்தேன்.