வார்னிஷ் புள்ளிகள்

12, செவ்வாய்

புழுக்கம். எண்ணூர்ப் பக்கமிருந்து கரி வாடை. பிரிண்டர் மேஜையை இரண்டு முறை துடைத்தும் தூசு. லாரி போகிற ரோட்டில் கடை வைத்தால் இப்படித்தான்.

இன்று:
– வார்னிஷ் வரும் துளைகளில் அடைப்பு எடுக்க
– ஆஸ்பத்திரி போர்டு, 40
– வீட்டுக்குத் தயிர், ஷாம்பு

பெரம்பூரில் புதிதாகத் திறக்கிற ஆஸ்பத்திரி. கதவுக்குக் கதவு மாட்டுகிற, கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் பலகை. எழுத்து பின்பக்கம். முன்பக்கம் பார்வையில்லாதவர்கள் தடவிப் படிக்கிற பிரெய்ல் புள்ளி. புள்ளி கண்ணுக்குத் தெரிந்தால் டிசைன் கெட்டுவிடுமாம். அதனால் நிறமில்லாத வார்னிஷ். ஒரே இடத்தில் எட்டு தடவை விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே விளக்கு வந்து காயவைக்கும். அப்போதுதான் மேடு ஏறும்.

நாற்பதும் முடிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், பிசுக்கு இல்லை. முதலாளி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, சும்மா அள்ளுது என்றார். லேமினேஷன் மேஜையில் ஆறு வருடம். இந்த மெஷின் என் கைக்கு வந்து இரண்டு மாதம். சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

தயிர் மறந்துவிட்டது.

13, புதன்

மழை மிரட்டிவிட்டுப் போய்விட்டது.

ஒரு பலகையில் ஓரம் கீறல். வேறு போட்டுக் கொடுத்துவிட்டு, கீறல் விழுந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லாவிடம் காட்ட. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பேங்கில் போன் எடுக்கிற வேலை, தினம் ரயிலில் போய்வருகிறாள். பெருமை அடித்துக்கொள்ளத்தான் கொண்டுபோனேன், வேறெதற்கும் இல்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டுத் தடவினாள். மறுபடி தடவினாள். என்ன போட்டிருக்கிறாய் என்றாள். ஐந்து, ஐந்தாம் மாடிப் படிக்கட்டில் மாட்டுவது என்றேன்.

"'இவ'ன்னு வருது. அஞ்ச காணோம். புள்ளியெல்லாம் எடது வலது மாறி கீதுடி."

பின்பக்கம் பிரிண்ட் போடும்போது ஃபைலை இடவலமாகத் திருப்பிவிடுவோம். அப்போதுதான் முன்னால் நின்று பார்த்தால் எழுத்து நேராக இருக்கும். கைப்பழக்கம். முன்பக்கத்துப் புள்ளியையும் சேர்த்துத் திருப்பியிருக்கிறேன். நாற்பதிலும். எழுத்து சரியாக இருந்தது, அதை மட்டும்தான் பார்த்தேன். புள்ளி கறுப்பாகவே இருந்திருந்தாலும் எனக்கு என்ன தெரிந்திருக்கும்.



14, வியாழன்

வெயில். காலை ஒன்பதுக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். என் தப்பு என்றும் சொன்னேன். கையிலிருந்த டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. புது அக்ரிலிக் வர நாளாகும், சனிக்கிழமை மாட்டியாக வேண்டும், செக் பண்ண வருகிறவன் புள்ளி இருக்கிறதா என்றுதான் பார்ப்பான் என்றார்.

"கண்ணு தெரியாதவங்க தனியாவா வராங்க? கூட ஆளு வரும். நீ வாய மூடிகினு வேலைய பாரு."

கெட்டவர் இல்லை. என் மகளுக்கு ஸ்கூல் சீட்டுக்காக நாலு இடம் அலைந்தவர். அதனாலேயே மெஷின் பக்கம் திரும்பிவிட்டேன். நாள் முழுக்கக் கோபம். பாதி அவர் மேல், பாதி என் மேல்.

அவர் சொன்னதை ஸ்டெல்லாவிடம் அப்படியே சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"என்கூட யாரு வரா? நீ வந்துகீறியா ஒரு நாளு?"

வந்ததில்லை. பதினோரு வருடம் பக்கத்துப் போர்ஷன்.

15, வெள்ளி

பல்வலி. கிராம்பு.

மதியம் முதலாளி டோல்கேட் பக்கம் போனார். ஸ்கிராப்பில் கிடந்த ட்ரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்து, புள்ளி மட்டும், திருப்பாமல், நாற்பதுக்கும் பிரிண்ட் ஓட்டினேன். எட்டு தடவை. மெஷின் ஓடும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் சொல்ல ஒரு பொய்கூட யோசித்து வைக்கவில்லை.

சாயங்காலம் எல்லாவற்றையும் ஸ்டெல்லா தடவிப் பார்த்தாள். படிக்கட்டு. ரத்தப் பரிசோதனை. பெண்கள் கழிப்பறை. படித்துப் படித்து ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினாள். "இப்ப சரியா கீது" என்றாள். அவள் வீட்டு ரசம் ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

16, சனி

தூறல். ஷாம்பு வாங்கியாயிற்று.

பலகைகள் மாட்டியாகிவிட்டன. முதலாளி போனில் போட்டோ காட்டினார். அழகாகத்தான் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ரொம்பத் திருப்தியாம், அடுத்த கிளைக்கு இன்னும் அறுபது கேட்கிறார்களாம். அதே ஃபைல், எதிலும் கை வைக்காதே என்றார். தலையாட்டினேன்.

திறப்பு திங்கட்கிழமை. நாளை ஒரு நாள்தான்.

17, ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போகவில்லை. எட்டு மணிக்கே பெரம்பூர். போர்டு கம்பெனி, சின்ன வேலை பாக்கி என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். பாதி உண்மை. உள்ளே பெயின்ட் வாசனை, வேறு ஆள் இல்லை.

பிளேடால் சுரண்டினால் புள்ளி வரமாட்டேன் என்கிறது. வார்னிஷ் பிடிக்க வேண்டுமென்று அன்றைக்கு அவ்வளவு நன்றாக ப்ரைமர் தடவினேன், பாவி. ஒரு கதவுக்குப் பத்து நிமிடம். எடுத்த இடத்தில் ஸ்டிக்கர். படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை எல்லாவற்றையும் முதலில் முடித்தேன். கட்டைவிரலில் ரத்தம், துணி சுற்றியாயிற்று.

பதினொன்றரைக்கு வாட்ச்மேன் வந்து குனிந்து பார்த்தார்.

"ஒன்னுமே இல்லியேம்மா. இன்னாத்த சுரண்டினுகீற?"

சொன்னேன். முழுசாகவே. பலகையை உற்றுப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டார். அவர் வேலை அது.

இதை ஸ்டிக்கர் பேப்பரின் பின்பக்கத்தில், படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டரை. முதலாளியிடமிருந்து போன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவதில் எடுத்தேன். அவர் கத்தவே இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி சார் என்றேன்.

இன்னும் பதினான்கு கதவு.